மஜ்ஜை தந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

மல்டிபிள் மைலோமா எனும் இரத்தப் புற்றுநோய் எலும்பை எவ்வாறு அரிக்கிறது என்பது குறித்த என் முனைவர் பட்ட ஆய்வு நிறைவடைந்துள்ளது. நோயாளிகளின் பெயரை ஆய்வேட்டில் அச்சிட நெறிமுறை இடம் தராது என்பதால், அங்கே சொல்ல முடியாத நன்றியை இங்கே எழுதுகிறேன்.

மஜ்ஜையில் பெருகும் புற்றுப் பிளாஸ்மா செல்கள் (ஒருவகை வெள்ளணுக்கள்) பெரும்பாலும் தாமே எலும்பைக் கரைப்பதில்லை. அண்டையிலுள்ள செல்களுக்குச் சமிக்ஞை அனுப்பி வேலை வாங்குகின்றன. ரேங்க் லிகண்ட் என்ற புரதம் மிகுந்தால் எலும்பைக் கரைக்கும் ஆஸ்டியோகிளாஸ்டுகள் பெருகும். டிகேகே-1 என்ற புரதமோ எலும்பைக் கட்டும் செல்களை முடக்கிவிடும். டிகேகே-1க்கும் எலும்புச் சிதைவுக்கும் உள்ள தொடர்பை 2003இல் அமெரிக்காவின் ஆர்கன்சா ஆய்வாளர்கள் நோயாளிகளின் மாதிரிகளைக் கொண்டே காட்டினர். ரேங்க் லிகண்டைத் தடுக்கும் டெனோசுமாப் மருந்தை மைலோமா நோயாளிகளுக்கும் வழங்க 2018இல் அந்நாடு ஒப்புதல் அளித்தது. ஆய்வகத்தில் காலங்காலமாக வளர்க்கப்படும் செல்கள் மஜ்ஜையின் சூழலை மறந்தவை. ஆகவே நோயாளிகளாகிய உங்களிடம் மஜ்ஜையைக் கேட்பதைத் தவிர எனக்கு வேறு வழியிருக்கவில்லை.

தோலையும் எலும்பின் மேற்புறத்தையும் ஊசி போட்டு மரக்கச் செய்யலாம். மஜ்ஜையை உறிஞ்சும் நொடிகளின் வலியை அப்படி மரக்கச் செய்ய இயலாது. இதனால் தங்களுக்கு நேரடிப் பயன் இல்லை என்று ஒப்புதல் படிவத்தை வாசித்துக் காட்டிய பிறகும், பரிசோதனைக்கு எடுத்தது போக மேலும் 5 மில்லி தந்தீர்கள்.

முதுகெலும்பு நொறுங்கிய அம்மா ஒருவர், தம் மஜ்ஜை எங்கே போகிறது என்று கேட்டார். சாயமேற்றிய ஆஸ்டியோகிளாஸ்டுகளின் படத்தைக் கைப்பேசியில் காட்டினேன். பீட்ரூட் சாறு சிந்தியது போன்ற அந்தத் திட்டுகளை நெடுநேரம் பார்த்துவிட்டு, "இவ்வளவு அழகா இருக்கு, இதுவா என் முதுகை ஒடிச்சுது?" என்றார். அதற்கு மறுமொழி சொல்ல எனக்குத் தெரியவில்லை.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். செல்களை வளர்க்கும் பெட்டியான இன்குபேட்டரின் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் தீர்ந்ததைக் கவனிக்கத் தவறி, இருவர் தந்த மாதிரிகளை ஒருமுறை பாழாக்கிவிட்டேன். அவர்களுள் ஒருவர் அடுத்த பரிசோதனையின்போது மறுபடியும் தந்தார். மற்றவரிடம் மன்னிப்புக் கேட்கும் வாய்ப்பு அமையவில்லை. அவர் குடும்பத்தாரிடம் இம்மடல் வழியே கேட்டுக்கொள்கிறேன்.

ஊசி ஏறும்போது நோயாளியின் கையை விடாமல் பற்றியிருந்த செவிலியர்களுக்கும், லிஃப்ட் பழுதான நாள்களிலும் குழாய்களை உடனுக்குடன் நான்காம் மாடிக்கு எடுத்து வந்த ஊழியருக்கும், காந்த மணிகளால் செல்களைப் பிரிக்கக் கற்றுத்தந்த தொழில்நுட்பருக்கும் கடன்பட்டுள்ளேன்.

ஆய்வின் முடிவுகளை நான்கு பக்கத் தமிழ்ச் சுருக்கமாக அச்சிட்டுப் புறநோயாளிப் பிரிவில் வைத்திருக்கிறேன். கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள், விளங்காத இடம் இருந்தால் சொல்லியனுப்புங்கள், கீழே இறங்கி வந்து விளக்குகிறேன்.

நன்றியுடன்,
நான்காம் மாடி ஆய்வாளர்