முதுகு வலிக்கு முதல் சிகிச்சை உடற்பயிற்சியே

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தலையில் மின்முனைகளைப் பொருத்தி மூளையைத் தூண்டினால் நாள்பட்ட முதுகு வலி தீருமா என்று, இயன்முறை மருத்துவரான என்னிடம் சிகிச்சைக்கு வருவோர் இப்போது கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். பல ஆண்டு வலியோடு வருபவர்களின் கேள்வி என்பதால், இதற்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

இந்தச் சிகிச்சைக்குப் பின்னால் உள்ள எண்ணம் ஆதாரமற்றதன்று. மூன்று மாதங்களைத் தாண்டி நீடிக்கும் முதுகு வலியில் பெரும்பாலானவற்றுக்கு, இதுதான் காரணம் என்று ஒரு எலும்பையோ, எலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டையோ (டிஸ்க்) சுட்டிக்காட்ட முடிவதில்லை. 2015-இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பின்படி, வலியே இல்லாதவர்களை ஸ்கேன் செய்து பார்த்தபோதும், இருபது வயதினரில் 37 சதவீதத்தினருக்கும் எண்பது வயதினரில் 96 சதவீதத்தினருக்கும் முதுகெலும்பு வட்டில் தேய்மானம் காணப்பட்டது. வலி நீடிக்க நீடிக்க நரம்பு மண்டலமே சிறு தூண்டலையும் வலியாக உணரும் அளவுக்குக் கூருணர்வு பெற்றுவிடுவதால், உடல் அசைவுகளை இயக்கும் மூளைப் பகுதியை மென்மையான மின்சாரத்தால் தூண்டி, அதன்பின் பயிற்சி அளித்தால் கூடுதல் பலன் கிடைக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுவது நியாயமே.

ஆனால் கருதுவது வேறு, நிரூபணமாவது வேறு. 2015-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஜெர்மன் ஆய்வில், நாள்பட்ட முதுகு வலி உள்ள 135 பேரில் ஒரு பிரிவினருக்கு ஐந்து நாள்கள் தொடர்ந்து, தினமும் 20 நிமிடங்கள் உண்மையான மின்தூண்டலும், மற்றவர்களுக்குப் போலித் தூண்டலும் அளித்தார்கள். பிறகு இரு பிரிவினருக்கும் உளவியல் பயிற்சி தந்தார்கள். வலி குறைவதில் தூண்டலால் கூடுதல் பலன் ஏதும் கிடைக்கவில்லை. ஆராய்ச்சி தொடரட்டும், அதன் முடிவு தெரியும் முன்பே கடன் வாங்கி இந்தச் சிகிச்சைக்குச் செலவிட வேண்டாம் என்றே நான் சொல்வேன்.

உடற்பயிற்சியின் நிலை வேறு. 249 ஆய்வுகளைத் தொகுத்த 2021-ஆம் ஆண்டின் காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் அமைப்பு) மதிப்பாய்வு, அது வலியைக் குறைக்கிறது என்றே முடிவு கூறியது. ஆஸ்திரேலியாவில் முதுகு வலியிலிருந்து மீண்ட 701 பேரிடம் நடத்தி 2024-இல் வெளியிட்ட ஆய்வில், வழிகாட்டுதலோடு நடைப்பயிற்சி செய்தவர்களுக்கு வலி திரும்பிவர எடுத்துக்கொண்ட இடைநிலைக் காலம், அதாவது பாதிப் பேருக்கு வலி திரும்புவதற்குள் கடந்த காலம், 208 நாள்கள். பயிற்சி பெறாதவர்களுக்கு 112 நாள்கள். உலக சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் பயிற்சியைப் பரிந்துரைக்கிறது. இடுப்புப் பெல்ட்டையும், முதுகெலும்பை இழுத்துவிடும் இழுவைச் சிகிச்சையையும் வழக்கமாகத் தர வேண்டாம் என்கிறது. நம் ஊரில் பலரும் முதலில் கேட்பதோ பெல்ட்டும், முதுகில் ‘கரண்ட் வைப்பதும்’தான்.

என்னிடம் வந்த தையல் தொழிலாளி ஒருவர், டிஸ்க் விலகியிருக்கிறது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, குனிவதையே விட்டுவிட்டிருந்தார். கீழே விழுந்த கத்தரிக்கோலை எடுக்கக்கூட மகளைக் கூப்பிடுவார். முதலில் நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுவது, பிறகு பாதி நிரம்பிய குடத்தைத் தூக்குவது எனப் படிப்படியாகப் பழக்கினோம். வலி முழுவதும் போய்விடவில்லை. ஆனால் குனியலாம் என்ற துணிவு வந்தபின் அவர் மீண்டும் முழுநேரமும் தைக்கத் தொடங்கினார். இந்த அச்சத்தைப் போக்குவதும் மூளைக்கான சிகிச்சைதான் என்பது என் கருத்து.

தமிழக அரசு 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு தேடி வரும் இயன்முறைச் சிகிச்சையும் இருக்கிறது. அதன் தொடர்ச்சியாக, ஆரம்ப சுகாதார நிலையங்களில் வாரம் ஒருமுறையேனும் முதுகு வலிக்கான குழுப் பயிற்சியை நடத்த அரசு முன்வர வேண்டும். காலில் பலம் குறைவது, மலசலக் கட்டுப்பாடு இழப்பது, காய்ச்சலோடு வலிப்பது போன்ற அறிகுறிகள் இருந்தால் பயிற்சிக்குக் காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும் என்பதையும் அங்கேயே சொல்லித்தர வேண்டும்.

இங்ஙனம்,
இயன்முறை மருத்துவர் ஒருவர்,
ஈரோடு.