வீட்டுக்குள் மூன்றாவது குரல்

அன்புள்ள வசந்தி,

கடிதம் கிடைத்தது. பிள்ளைகள் இரண்டு பேரையும் வீட்டிலேயே வைத்துப் படிக்க வைக்கப் போகிறாய் என்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. கல்லூரியிலேயே எந்த வகுப்பையும் ஒழுங்காகக் கேட்காமல் நூலகத்தில் உட்கார்ந்து தேறியவள்தானே நீ! இங்கே எல்லோரும் நலம். இவர் ஓய்வு பெற்றுவிட்டார். வீட்டில் இருக்கும் எல்லாப் பொருளுக்கும் இப்போது இடம் மாறிவிட்டது. மகள் கல்லூரியில் கணிதம் படிக்கிறாள். வீட்டில் அவளோடு அத்தனை பழந்தமிழ் படித்தும் இலக்கியம் எடுக்கவில்லையே என்று உறவினர்கள் கேட்கிறார்கள். அதற்காகவா படித்தோம்?

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். கணக்கும் அறிவியலும் சொல்லிக்கொடுக்கவே நேரம் போதாதபோது சங்கப் பாட்டும் சிலம்பும் எதற்கு என்று உன் கணவர் கேட்கிறார் என்றாய். நியாயமான கேள்விதான். மொழி வளம், பண்பாடு என்று வழக்கமாகச் சொல்லும் பதில்களை விட்டுவிடு. அவை தப்பில்லை, ஆனால் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கும் பொருந்துகிறவை. வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு வேறொரு காரணம் இருக்கிறது. அதற்கு ஆசிரியரும் அம்மா, தேர்வாளரும் அம்மா, சாப்பிடக் கூப்பிடுவதும் அம்மா. நீ சொல்வதை மறுத்துப் பேசும் ஒரு வளர்ந்த ஆள் அந்த வீட்டுக்குள் வேண்டும். நல்ல பழைய நூல் அந்த வேலையைச் செய்யும்.

திருக்குறளையே எடுத்துக்கொள். பொய் சொல்லாதே என்று நாம் சொல்கிறோம். வாய்மை அதிகாரத்தைத் திறந்தால் இரண்டாவது குறளிலேயே, குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மைக்குச் சமம்தான் என்கிறார் வள்ளுவர். என் மகள் அதைப் பிடித்துக்கொண்டு, எது குற்றமற்ற நன்மை, அதை யார் முடிவு செய்வது என்று என்னை விடவே இல்லை. நான் எழுதித் தயாரித்த எந்தப் பாடமும் அவளை அப்படிப் பேச வைத்ததில்லை. அதனால் 1330 குறளையும் மனப்பாடம் செய்ய வைக்கும் பரிசுப் போட்டிப் பைத்தியம் உனக்கு வேண்டாம். பிடித்த சிலது தானாக மனதில் நின்றால் போதும், ஆனால் எல்லாவற்றையும் வாய்விட்டுப் படியுங்கள்.

அப்புறம் புறநானூற்றில் 312ஆம் பாட்டு. பொன்முடியார் என்ற பெண்பாற் புலவர் பாடியது, ஆறே அடி. பெற்று வளர்ப்பது என் கடமை, சான்றோன் ஆக்குவது தந்தை கடமை, வேல் வடித்துக் கொடுப்பது கொல்லன் கடமை, நல்ல நடையைத் தருவது அரசன் கடமை என்று பிரித்துக்கொண்டே போகிறாள் அந்தத் தாய். இத்தனை பேர் செய்ததை நீ ஒருத்தியே செய்யப் பார்க்கிறாய், ஞாபகம் வைத்துக்கொள்! கடைசி அடியில்தான் விஷயம் இருக்கிறது. போரில் யானையைக் கொன்று திரும்புவது காளையின், அதாவது அந்த இளைஞனின், கடமையாம். உன் சின்னவன், அதற்காகவா பிள்ளையை வளர்த்தார்கள் என்று கேட்பான். கேட்கட்டும். அந்தத் தாய் தவறு என்று உடனே தீர்ப்புச் சொல்லிவிடாதே. அவள் காலத்தில் ஒரு ஊருக்கு எது பயமாக இருந்திருக்கும் என்று திருப்பிக் கேள்.

வீட்டில் சொல்லிக்கொடுப்பதில் ஒரு ஆபத்தும் உண்டு. ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில்லை அவருடைய அப்பாவே வீட்டில் படிக்க வைத்தார். மூன்று வயதில் கிரேக்கம், எட்டு வயதில் இலத்தீன். படித்ததை நடைப்பயிற்சியில் அப்பாவிடம் ஒப்பிக்க வேண்டும். புரியவே முடியாத பிளேட்டோவையும் சிறு வயதில் படிக்க வைத்தார் என்று மில் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். 1826இல், இருபது வயதில், எதிலும் பிடிப்பில்லாமல் மனம் உடைந்து போனார். பிறகு அவருக்கு ஆறுதல் தந்தவற்றில் ஒன்று, தானாக எடுத்துப் படித்த வேர்ட்ஸ்வொர்த்தின் கவிதைகள். ஆகவே பாட்டைப் பாடத்திட்டம் ஆக்கிவிடாதே. கேள்வித்தாள் வேண்டாம், பதவுரை எழுதச் சொல்ல வேண்டாம். பிடிக்காத பாட்டைத் தாண்டிப் போக விடு.

பெரியவளுக்குச் சிலம்பில் வழக்குரை காதையை முதலில் கொடு. முழுக் காப்பியமும் இப்போது வேண்டாம். சந்தி பிரித்த பதிப்பாகப் பார்த்து வாங்கு, இல்லாவிட்டால் முதல் பக்கத்திலேயே மூடிவிடுவாள். மூலம் மட்டும் போதுமென்றால், பழந்தமிழ் நூல்களை இணையத்தில் தரும் மதுரைத் திட்டத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. முன்கதையை நீயே வாயால் சொல்லிவிடு. கண்ணகியின் சிலம்பிலிருந்து மாணிக்கம் தெறித்ததும் பாண்டியன் "யானோ அரசன் யானே கள்வன்" என்று சொல்லி உயிரை விடும் இடம் வரை உரை பார்க்காமலே போகலாம். அதற்குப் பிறகு மதுரை எரிகிறது. முதியோரையும் குழந்தைகளையும் இன்னும் சிலரையும் விட்டுவிடும்படி தீக்குக் கட்டளையிடுகிறாள் கண்ணகி. பட்டியலில் இல்லாத சாதாரண மனிதர்கள் என்ன பாவம் செய்தார்கள் என்று என் மகள் கேட்டாள். எனக்கு இன்றுவரை சரியான பதில் கிடைக்கவில்லை, உரையாசிரியர்கள் சொல்லும் சமாதானங்களும் அவளுக்குப் போதவில்லை.

உன் வீட்டில் இந்த வழக்கு வந்தால் யார் யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்று எழுது, உன் கணவர் உட்பட.

அன்புடன்,
மீனா