குதிகாலுக்கு ஊசி வேண்டாம், கயல்

அம்பத்தூர்,
ஞாயிறு காலை

அன்புள்ள கயலுக்கு,

நேற்று ராத்திரி குதிகால் வலிக்கு ஊசி போட்டுக்கொள்ளப் போவதாகச் சொல்லி நீ போனை வைத்ததிலிருந்து எனக்குத் தூக்கம் வரவில்லை. போனில் பேசினால் "சரிப்பா, சரிப்பா" என்று முடித்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

ஜனவரி மாரத்தானுக்காகக் குதிகாலில் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்ளாதே, கண்ணு. அது வலியை அமுக்கும், கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் தசைநாணை ஆற்றாது. அந்த இடத்தில் ஸ்டீராய்டு இறங்கினால் நாண் பலமிழந்து அறுந்தே போகலாம். வலி மரத்த காலோடு 42 கிலோமீட்டர் ஓடுவதை நினைத்தாலே பயமாக இருக்கிறது.

தொழிற்பேட்டையில் நான் லேத்தில், அந்தக் கடைசல் மெஷினில், நின்ற காலம் உனக்கு ஞாபகம் இருக்கும். மெஷினில் இரும்பைப் பிடித்துவைக்கும் சக்கை அதன் சாவியால் இறுக்கி இறுக்கி வலது முழங்கையின் வெளிப்பக்கம் பிடித்துக்கொண்டது. காபி டம்ளரைத் தூக்கினால் சுரீர் என்று இழுக்கும். ஊசி போட்டார்கள். ஒரு வாரத்தில் வலி போன இடம் தெரியவில்லை, சில மாதத்தில் இரண்டு பங்காகத் திரும்பி வந்தது. லீவு போட்டுக் கையைச் சும்மா வைத்தபோதும் இதே கதைதான். மறுபடி மெஷினில் நின்றதும் பிடித்துக்கொண்டது. நாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு, ஆற மாதக்கணக்காகும். வேலையே கொடுக்காமல் வைத்தால் இன்னும் நோஞ்சானாகிவிடும்.

கடைசியில் உடற்பயிற்சியால் வைத்தியம் செய்யும் ஒரு பிசியோ பெண்தான் வழி காட்டினாள். முன்கையை மேஜையில் வைத்து, உள்ளங்கை தரையைப் பார்க்க, அரை பாட்டில் தண்ணீரைப் பிடிக்க வேண்டும். இடது கையால் மணிக்கட்டைத் தூக்கிவிட்டு, வலது கையால் மட்டும் மெதுவாக இறக்க வேண்டும். அந்த இறக்கம்தான் மருந்து. பாட்டிலை முழுசாக நிரப்பிப் பிடிக்கவே பல வாரம் ஆயிற்று.

உனக்குச் சொன்ன படிக்கட்டுப் பயிற்சியும் இதேதான். ஸ்வீடனில் ஆல்ஃபிரட்சன் என்ற டாக்டர் 1998இல் வெளியிட்டது. நல்ல காலால் எழும்பி, வலிக்கிற காலால் குதிகாலைப் படிக்குக் கீழே இறக்குவது. முட்டி நேராக 15 தடவை, மூன்று சுற்று. முட்டியை மடக்கி அதே கணக்கு. காலையும் மாலையும், 12 வாரம். ஆனால் வலி குதிகால் எலும்பில் ஒட்டுகிற இடத்திலேயே இருந்தால் படிக்குக் கீழே இறக்காதே, சமதரையில் செய். இரண்டு மூன்று விரல் மேலே என்றால்தான் முழு இறக்கம். எந்த இடம் என்று பிசியோவிடம் தொட்டுக் காட்டிக் கேள்.

செய்யும்போது கொஞ்சம் வலித்தால் பரவாயில்லை. மறுநாள் கட்டிலை விட்டு இறங்கும் முதல் அடி முந்தின நாளைவிட அதிகமாக வலித்தால், சுற்றைக் குறைத்துக்கொள். பின்னால் யாரோ எட்டி உதைத்த மாதிரி 'டப்' என்று கேட்டால் மட்டும் காத்திராதே, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ. சளி, காய்ச்சல் எதற்குப் போனாலும் டாக்டரிடம் குதிகால் விஷயத்தைச் சொல்லிவிடு. சிப்ரோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக் மாத்திரைகள் நாணையே பாதிக்கும்.

இன்று ஆரம்பித்தாலும் 12 வாரம் பொங்கலைத் தாண்டிவிடும். மாரத்தானுக்குக் கட்டிய பணம் போனால் போகட்டும். அடுத்த வருஷம் ஓடு, நானும் அம்மாவும் வழியில் வந்து நிற்கிறோம். பொங்கலுக்கு வந்தால் நம் மாடிப்படியிலேயே பயிற்சி செய்யலாம், கைப்பிடி இருக்கிறது. டிக்கெட் போட்டதும் அம்மாவிடம் சொல்.

அன்புடன்,
அப்பா