உள்ளான்கள் வந்துவிட்டன

அன்புள்ள மகளுக்கு,

நாங்கள் நலம். நல்லூர்த் திருவிழா முடிந்து ஊர் அடங்கிவிட்டது. மாமியின் கண் சத்திரசிகிச்சையும் நல்லபடி முடிந்தது. மற்றப் புதினங்களை அம்மா சொல்லுவாள், நீ தொலைபேசியை எடுத்தால்.

நீ அனுப்பிய தொலைநோக்கியோடு விடியப்புறம் பண்ணைப் பாலத்துப் பக்கம் நடக்கிறேன். சோளகக் காற்று இன்னும் ஓயவில்லை. மழைக்கு ஐப்பசி பிறக்க வேண்டும். ஆனாலும் உள்ளான் பறவைகள் வந்துவிட்டன. முந்தநாள் மண்டைதீவுப் பக்கம் தண்ணீர் வற்றிக் கிடந்த சேற்றில், நுனி வளைந்த கறுப்பு அலகுள்ள சின்ன உள்ளான்கள் கூட்டமாய் நின்று மேய்ந்தன. ஒன்று கரைக்குக் கிட்ட வந்தது. வயிற்றில் செங்கல் நிறம் திட்டுத்திட்டாய் மிச்சம் இருந்தது, சுவரில் பழைய வர்ணம் உரிந்தது போல. சைபீரியாவின் வடகோடியில் கூடு கட்டும் காலத்தில் பூண்ட நிறம் அது. இன்னும் கொஞ்ச நாளில் அதுவும் உதிர்ந்து, முதுகு சாம்பலும் வயிறு வெள்ளையுமாகிவிடும். அது அலகைச் சேற்றில் அடிவரை இறக்கி, எதையோ இழுத்தெடுத்து விழுங்கியதைப் பார்த்துக்கொண்டே நின்றதில் வெயில் ஏறிவிட்டது.

வளர்ந்த பறவைகள் முன்னே புறப்பட்டுவிடும், அந்த ஆண்டுக் குஞ்சுகள் வாரக்கணக்கில் பிந்தி, வழிகாட்டத் தாய் தகப்பன் இல்லாமல் வந்து சேரும் என்று நீதான் எனக்குச் சொன்னாய். அதிசயம் என்றாய். எனக்கு அன்றைக்கும் அது அதிசயமாகப் படவில்லை. அந்தக் குஞ்சுகள் இரவில் எங்கே இறங்குகின்றன, இறங்கிய இடத்தில் என்ன கிடைக்கிறது என்றுதான் யோசித்தேன்.

உன் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஆடியில் முட்செடிப் பஞ்சைக் கொத்திக்கொண்டிருந்த அந்த மஞ்சள் குருவி, இப்போது மஞ்சள் மங்கி ஆளே மாறிவிட்டது. குளிர் வரும் முன் ஆண்குருவி பழைய இறகைக் களைந்துவிடும் என்று ஒரே வரியில் எழுதியிருந்தாய். முன்பென்றால் பக்கம் பக்கமாய் எழுதியிருப்பாய். ரொறன்ரோவில் ரூஜ் ஆற்றங்கரைப் பாதையில் எடுத்த படத்தில் உன் நிழல் நீளமாய் விழுந்திருந்தது. போன வருடப் படங்களில் அந்தப் பாதையில் இரண்டு நிழல் இருக்கும். மருமகன் தம்பிக்கு இப்போது காலை வேலையாக இருக்கலாம். நான் கேட்கவில்லை. கேட்க வேண்டாம் என்று அம்மாவும் சொல்லிவிட்டாள்.

விடிய முதல் தனியே போகாதே. ஆற்றங்கரையில் ஆள் நடமாட்டம் வந்த பிறகு போ. காதை மூடிக் கட்டு. காலுறை நனைந்தால் உடனே மாற்று. சாப்பிட்டுவிட்டுப் போ.

ரொறன்ரோ நகரத்துக் கண்ணாடிக் கட்டடங்களில் மோதி விழும் பறவைகளை விடியவே பொறுக்கியெடுக்கப் போகிறாய் என்பதை இங்கே எத்தனை பேருக்குச் சொல்லிவிட்டேன்! இரவில் பறந்து வருகிற குருவிகளை வெளிச்சம் மயக்கும், விடிந்ததும் கண்ணாடியில் தெரியும் மரத்தை மெய்யென்று நம்பி மோதும் என்று வாசிகசாலையில் நான் விளக்க, பத்திரிகையை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார்கள். மயங்கிய குருவியைக் கடதாசிப் பையில் இட்டு, இருட்டில் வைத்துத் தெளிவிக்கிற பிள்ளை என் பிள்ளை. அந்தப் பிள்ளைக்குத் தாயின் அழைப்பை எடுக்க மட்டும் நேரம் இல்லையா? மூன்று கிழமையாக அவள் தொலைபேசியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்கிறாள்.

எதுவானாலும் எங்களுக்குச் சொல்லலாம். ஊர் என்ன சொல்லும் என்று நீ யோசிக்க வேண்டாம், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். உன் அறை வெள்ளையடித்துக் கிடக்கிறது. மாரியில் தொண்டைமானாற்றுப் பக்கம் வாத்துக் கூட்டம் வரும். வந்தால் சேர்ந்து போய்ப் பார்க்கலாம். தனியே வந்தாலும் வா. மறுபடியும் சொல்கிறேன், விடிய முதல் தனியே நடக்காதே.

பெரியம்மாவின் மகன் ஐப்பசி முதல் கிழமை அங்கே புறப்படுகிறான். அவனிடம் ஒடியல் மாவும் பனங்கட்டியும் கொடுத்துவிடுகிறோம். அம்மா மிளகாய்த்தூள் இடித்துவிட்டாள். தம்பிக்கென்று உறைப்பு கூட்டித் தனியே ஒரு பொதி கட்டுவது வழக்கம். இம்முறை அதைக் கட்டுவதா என்று அவளுக்கு ஒரு வரி எழுது.

அன்புடன்,
அப்பா