கடலுக்கு அஷ்டமி நவமி நல்ல நாள்

ஆயர் தாவார்,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகளுக்கு,

டிசம்பர் லீவுக்குப் பெர்ஹெந்தியான் தீவுக்குப் போகலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம் பாப்பா. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை மலேசியாவின் கிழக்குக் கரையில் பருவக்காற்று. அலை எழும்பி, படகு குறைந்து, தங்கும் இடங்கள் பெரும்பாலும் பூட்டிக் கிடக்கும். இங்கே மேற்குக் கரையில் இருக்கும் பங்கோர் தீவுக்கு வாருங்கள். அந்தக் காற்றைத் தீபகற்பமே மதில் மாதிரி மறைத்து நிற்பதால் நம் பக்கத்துக் கடல் அடங்கி இருக்கும். ஒன்று சொல்லிவிடுகிறேன்: மலாக்கா நீரிணையின் தண்ணீர் கொஞ்சம் கலங்கல்தான், பெர்ஹெந்தியான் மாதிரி அடிமணல் தெரியாது. பவளம் பார்க்க ஆசையென்றால் ஜூனில் அங்கே போய்க்கொள்ளுங்கள். இப்போது படுத்துக் கிடக்கத்தானே வருகிறீர்கள்?

காரை லுமுட் படகுத்துறைப் பக்கம் காசு வாங்கும் பார்க்கிங்கில் விடுங்கள், நாள் கணக்கில் எடுப்பார்கள். படகு முதலில் சுங்கை பினாங் கெச்சிலில் நிற்கும். எல்லாரும் எழுகிறார்களே என்று நீங்களும் இறங்கிவிடாதீர்கள். அடுத்த துறைதான் பங்கோர் டவுன். அங்கே இளஞ்சிவப்பு வேன்கள் நிற்கும். ஏறும் முன்பே வேனுக்கு இவ்வளவா, ஆளுக்கு இவ்வளவா என்று கேட்டுக்கொள். அறையைத் தெலுக் நிப்பாவில் போடு. பாசிர் போகாக்கும் நல்ல கடற்கரைதான், ஆனால் சூரியன் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நடந்து போய்ச் சாப்பிட்டு வர நிப்பாதான் வசதி.

இனி முக்கியமான விஷயம். இங்கே தண்ணீர் நாளுக்கு இரண்டு முறை ஏறும், இரண்டு முறை வற்றும். அந்த நேரம் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். இன்று காலை 9 மணிக்கு நிரம்பினால் நாளை 9.50க்கு. நிரம்பும் நேரத்துக்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு மணி நேரம் குளிக்க நன்றாக இருக்கும். வற்றிய பிறகு இறங்கினால் பாறையும் அதில் ஒட்டிய சிப்பியும் காலைக் கிழிக்கும். "கடல் அசிங்கமா இருந்துச்சு" என்று திரும்புகிறவர்களில் பாதிப்பேர் வற்று நேரத்தில் போனவர்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்ற இறக்கம் பெரிது, நீரோட்டமும் வேகம். அஷ்டமி, நவமி, தசமியில் தண்ணீர் அவ்வளவு தூரம் பின்வாங்காது. நல்ல காரியத்துக்கு ஆகாத நாள் என்று தள்ளுவோம், கடல் குளியலுக்கு அதுதான் வாகு. லீவு எழுதும்போது காலண்டரை ஒரு பார்வை பார்.

நிப்பாவுக்கு எதிரே இருக்கும் கியாம் தீவுக்குக் காயாக்கில் போகலாம். லைஃப் ஜாக்கெட்டைப் போட்டதும் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பார். காது வரை ஏறினால் பெரிது, மாற்றிக் கேள். தண்ணீருக்குள் பார்க்கும் முகமூடி வாடகைக்கு எடுத்தால் வாரைப் போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை உள்ளே இழு. கையை எடுத்தும் ஒட்டி நின்றால்தான் அளவு சரி. மாப்பிள்ளையின் மீசை வழியாகத் தண்ணீர் நுழையும். மூக்குக்குக் கீழே கொஞ்சம் கத்தரிக்கச் சொல், கோபித்துக்கொள்ளாமல் கேட்டால் நல்லது. குப்புற மிதக்கும்போது முதுகுதான் வெந்துபோகும், அதனால் பழைய டி-சர்ட்டைக் கழற்ற வேண்டாம்.

பையில் அரை போத்தல் வினிகர் வை. ஜெல்லி மீன் பட்டால் மணலைப் போட்டுத் தேய்க்கக் கூடாது, குழாய்த் தண்ணீரும் ஊற்றக் கூடாது. அப்படிச் செய்தால் தோலில் ஒட்டிய கொட்டும் செல்கள் இன்னும் வெடித்து விஷத்தை இறக்கும். வினிகரை 30 விநாடி விடாமல் ஊற்றி, ஒட்டியிருக்கும் இழைகளை இடுக்கியால் எடுக்க வேண்டும். மூச்சு முட்டினாலோ நெஞ்சு வலித்தாலோ தாமதிக்காமல் கிளினிக் போங்கள். விடியலிலும் அந்தியிலும் மணல் கொசு கடிக்கும். காலில் தேங்காய் எண்ணெயைக் கொஞ்சம் தாராளமாகப் பூசினால் பூச்சி அதில் ஒட்டிக்கொள்ளும்.

பால்கனியில் பிஸ்கட், பழம் எதுவும் வைக்காதே, குரங்கு எடுத்துப்போகும், எதிர்த்தால் கடிக்கும். மாலை ஆறரை மணிவாக்கில் இருவாச்சிப் பறவைகள் கூட்டமாக வரும், அதைத் தவறவிடாதே.

மோட்டார் சைக்கிளில் தீவைச் சுற்றினால் வடக்கே தெலுக் டாலாம் பக்கத்து மேடு செங்குத்து. இறங்கும்போது பிரேக்கைப் பிடித்தபடியே வராமல் விட்டு விட்டுப் பிடிக்கணும். மணல் சிதறிய வளைவில் முன் பிரேக்கைத் தொட்டால் வண்டி வழுக்கும். தெலுக் கெடுங்கில் 1670இல் டச்சுக்காரன் ஈயத்துக்காகக் கட்டிய கோட்டை இருக்கிறது, கால்மணி போதும்.

மாசி மகத்துக்குப் பத்திரகாளியம்மன் கோயிலுக்கு வருகிற கூட்டத்தில் படகு நிரம்பி வழியும். அதனால் ஓய்வு எடுக்க அந்த வாரம் வேண்டாம்.

திரும்பும்போது அரை கிலோ நெத்திலி வாங்கு. ஒன்றை ஒடித்துப் பார், சட்டென்று ஒடிந்தால் நன்றாகக் காய்ந்தது. வளைந்தால் வேண்டாம், வீடு சேரும் முன் பூஞ்சை பிடிக்கும். செய்தித்தாளில் சுற்றி, அதன் மேல் இரண்டு பிளாஸ்டிக் பை போடு. இல்லாவிட்டால் ஜொகூர் வரை கார் மணக்கும்.

அம்மா