மை வச்சது நான், ஓட்டு இல்லாததும் நான்

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயித்துக்கிழமை இணைப்புல வந்த கட்டுரையோட கடைசி பாராவ ரெண்டு தடவ படிச்சேன். "ஓட்டுச்சாவடி வரைக்கும் நடக்க சோம்பல்படுற தலைமுறைகிட்ட ஜனநாயகத்தை எப்படி ஒப்படைக்கிறது"னு முடிச்சிருந்தீங்க. நல்லா இருந்துச்சு ஐயா. ஏசி ரூம்ல உக்காந்து எழுதினதா இருக்கணும், அவ்ளோ குளிர்ச்சியா வந்திருக்கு.

நான் போன வருஷம் ரிட்டயர் ஆன டீச்சர். பன்னெண்டு தேர்தல்ல பூத் டியூட்டி பாத்திருக்கேன். பூத்ல என்ன நடக்கும்னு உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்ல, பத்திரிகை நடத்துறவங்க, தெரியாமலா இருக்கும். ஆனா நீங்க எழுதின அந்த சோம்பேறிப் பசங்கள நான் நேர்ல பாத்திருக்கேன். காலையில ஏழு மணிக்கெல்லாம் குளிச்சி நல்ல டிரஸ் போட்டு வந்து நிப்பாங்க. முதல் ஆபீசர் லிஸ்ட்ட புரட்டுவாரு, பேர் இருக்காது. கையில வாக்காளர் அட்டை இருக்கும், லிஸ்ட்ல ஆள் இருக்க மாட்டாங்க. வீடு மாறினப்போ பழைய எடத்துல பேர எடுத்துட்டாங்க, புது எடத்துல சேர்க்க ஃபார்ம் 8 கொடுக்கணும்னு யாரும் சொல்லல. போன தேர்தல்ல ஒரு பொண்ணு, முதல் ஓட்டு, அட்டைய திருப்பித் திருப்பிக் காட்டி "மிஸ் நல்லா பாருங்க மிஸ்"னு கேட்டுட்டே இருந்துச்சு. ஏஜெண்டுங்க அவங்க லிஸ்ட்லயும் தேடிப் பாத்துட்டு உதட்டப் பிதுக்கிட்டாங்க. வெளிய போயி விரல்ல மை இல்லாம செல்ஃபி எடுக்கவும் முடியாம நின்னுச்சு. அது உங்க கணக்குல சோம்பேறி.

காலேஜ் ஹாஸ்டல்ல இருக்குற பசங்க கதை இன்னொன்னு. டியூட்டிக்குப் போற எங்களுக்கு தபால் ஓட்டு உண்டு, 85 வயசு தாண்டினவங்களுக்கு வீட்டுக்கே பெட்டி வருது, ரொம்ப சந்தோஷம். வெளியூர்ல படிக்கிற பிள்ளைக்கு ஒன்னும் கிடையாது, செமஸ்டருக்கு நடுவுல பஸ்ல ராத்திரி முழுக்க நின்னுகிட்டு வரணும். ஹாஸ்டல் இருக்குற ஊர்லயே பேர் சேர்த்துக்கலாம்னு விதி இருக்கு, எத்தன காலேஜ்ல சொல்றாங்க? அட்மிஷன் அப்போ "அரசியல்ல ஈடுபட மாட்டேன்"னு எழுதி வாங்குறதுக்கு மட்டும் மறக்கவே மாட்டாங்க. என் அக்கா பையன்கிட்ட வாங்கினாங்க, பெத்தவங்க கையெழுத்தோட. நாலு வருஷம் அரசியல் தப்புனு சொல்லிட்டு அஞ்சாவது வருஷம் ஏன் அக்கறை இல்லனு கேட்டா அவன் என்ன பதில் சொல்லுவான்.

என் கதையும் கொஞ்சம் சொல்லிடறேன். 1984 டிசம்பர் தேர்தல்ல எனக்கு 20 வயசு, அப்போ ஓட்டு வயசு 21. வேலைக்குச் சேர்ந்த புதுசு, பூத் டியூட்டி போட்டுட்டாங்க. காலையில இருந்து சாயந்தரம் வரைக்கும் ஊர்ல உள்ளவங்க விரலுக்கெல்லாம் மை வச்சது நான், எனக்கு ஓட்டு இல்ல. பெட்டிக்குக் காவல் இருக்க வயசு பத்துச்சு, பெட்டியில சீட்டு போட பத்தல! 1988 டிசம்பர்ல அரசியல் சாசனத்துல 61வது திருத்தம் கொண்டுவந்து ஓட்டு வயச 18 ஆக்கினாங்க, 1989 மார்ச்ல நடைமுறைக்கு வந்துச்சு, அதுக்குள்ள எனக்கு 24 ஆயிடுச்சு. அந்தக் காலத்துலயும் பெரியவங்க "இந்தக் காலத்துப் பசங்களுக்கு என்ன தெரியும்"னுதான் பேசிட்டு இருந்தாங்க. உங்க கட்டுரையும் அப்படியேதான் இருக்கு.

ஓட்டோட முடியுதா? வாக்காளர் பட்டியல்ல பேர் இருக்குற யாரும் கிராம சபையில உறுப்பினர்தான். என்கிட்ட படிச்ச பொண்ணு ஒருத்தி, பி.காம் ரெண்டாம் வருஷம், அக்டோபர் 2ந் தேதி சபையில எழுந்து தண்ணி டேங்க் ரிப்பேர் கணக்கு கேட்டா. "நீ உக்காரும்மா, அப்பாவ வரச்சொல்லு"ன்னாங்க. அப்பா வேலைக்குப் போயிருக்காரு, ஓட்டு இவளுக்கும் இருக்கு, 21 ஆனா அந்த ஊராட்சியில வார்டு மெம்பருக்கே நிக்கலாம். ஆனா கணக்கு கேக்கக்கூடாது. அடுத்த சபைக்கு அவ வரல, நானே கூப்பிட்டேன், "போங்க மிஸ்"னு சிரிச்சா. அந்த சிரிப்ப உங்க கட்டுரையாளர் பாத்திருந்தா அதையும் அலட்சியம்னுதான் எழுதியிருப்பாரு.

வாக்காளர் தினம்னு ஜனவரி 25ல பேரணி நடக்குது, 2011ல இருந்து. ஓட்டே இல்லாத எட்டாங்கிளாஸ் பிள்ளைங்க கையில பதாகை கொடுத்து வெயில்ல நிக்க வைப்போம். நானும்தான் நிக்க வச்சேன், மறைக்கல. வருஷா வருஷம் அந்த ஃபோட்டோவ மூணு பத்தி அகலத்துக்குப் போடுறீங்க. அந்த பிள்ளைங்க என்ன நினைக்குதுன்னு ஒரு வரி? "இளைஞரும் அரசியலும்"னு கட்டுரைப் போட்டி வச்சீங்களே, ஜட்ஜ் மூணு பேருமே என்னைவிட பெரியவங்க.

இன்னும் ஒன்னு, மனசுல இருக்கு, சொல்லிடறேன். மூணு வருஷம் முன்னாடி இதே விஷயமா ஒரு கடிதம் எழுதினேன். 2022 ஆகஸ்ட்ல இருந்து, பேர் சேர்க்க 18 ஆயிடுச்சானு கணக்குப் பாக்குறதுக்கு ஜனவரி 1 மட்டும் இல்ல, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1னு நாலு தேதி வந்துடுச்சு, 17 முடிஞ்ச பிள்ளைங்க புதுசா பேர் சேர்க்குற ஃபார்ம் 6 முன்கூட்டியே கொடுத்து வைக்கலாம், முன்னெல்லாம் ஜனவரி 2ந் தேதி பொறந்த பிள்ளை ஒரு வருஷம் காத்திருக்கணும், இப்போ அந்தக் கஷ்டம் இல்ல, இத எல்லாருக்கும் சொல்லுங்கனு விளக்கமா எழுதினேன். நீங்க போட்டது "இளைஞர்கள் வாக்களிக்க முன்வர வேண்டும்"னு ஒரே ஒரு வரி. அத நான் எழுதவே இல்ல ஐயா! என் பேரையும் தப்பா போட்டிருந்தீங்க, அது போகட்டும்.

போன தடவ சனி ஞாயிறு ஓட்டுச்சாவடியில பேர் சேர்க்குற சிறப்பு முகாம் நடந்துச்சு. உங்க பத்திரிகையில செய்தி திங்கக்கிழமை வந்துச்சு, "முகாமில் இளைஞர்கள் ஆர்வம் இல்லை"னு தலைப்போட. முகாம் நடக்கப்போகுதுனு முந்தின வாரம் எங்கயாவது போட்டிருந்தீங்களானு பழைய பேப்பர் கட்ட பிரிச்சு தேடினேன். இருந்துச்சு, ஏழாம் பக்கம், டெண்டர் நோட்டீசுக்குக் கீழ, பூதக்கண்ணாடி வச்சா படிக்கலாம்.

கேக்குறது பெருசா ஒன்னும் இல்ல. அந்த நாலு தேதிக்கும் ஒரு மாசம் முன்னாடி, முகாமுக்கு ஒரு வாரம் முன்னாடி, ஃபார்ம் 6 எதுக்கு, ஃபார்ம் 8 எதுக்கு, யார்கிட்ட கொடுக்கணும்னு கண்ணுக்குத் தெரியுற எழுத்துல ஒரு கட்டம் கட்டிப் போடுங்க. எடம் இல்லனு சொல்லாதீங்க, ராசிபலனுக்கு முழுப்பக்கம் தர்றீங்க, அதுல மீனத்துக்குக் கீழ கொஞ்சம் காலியாதான் இருக்கு.

இப்படிக்கு,
22 வருஷமா உங்க பத்திரிகைய வாங்குற
ஓய்வு பெற்ற ஆசிரியை

பி.கு: கடிதத்த வெட்டுறதா இருந்தா மேல வெட்டுங்க, அந்த கட்டம் விஷயம் மட்டும் இருக்கட்டும்.