குற்றம் புதிதல்லாத ஊரிலிருந்து

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை மாவட்டப் பக்கத்தில் கஞ்சா பிடிபட்ட செய்தி படித்தேன். பிடித்தது நல்லது. ஆனால் நடுவில், உசிலம்பட்டிப் பக்கம் குற்றம் ஒன்றும் புதிதல்ல என்று ஒரு வரி சேர்த்திருக்கிறார் உங்கள் நிருபர். பிடிபட்ட மூவருமே வெளியூர் என்று அதே செய்தியின் கடைசிப் பத்தியில் இருக்கிறது. நிருபர் அதுவரை படிக்கவில்லை போலும்.

என் தாத்தா ராத்திரி சொந்த வீட்டில் படுக்க முடியாமல், போலீஸ் கச்சேரியில் ரேகை வைத்துப் படுத்தவர். பிறப்பாலேயே குற்றவாளி என்று முத்திரை குத்திய குற்றப் பரம்பரைச் சட்டம் அது. ரேகை வைக்க மாட்டோம் என்று நின்றதற்காக 1920 ஏப்ரல் 3-ல் பெருங்காமநல்லூரில் போலீசார் சுட்டார்கள். மாயக்காள் என்ற பெண் உள்பட 16 பேர் செத்தார்கள். அந்தச் சட்டத்தை 1947-லேயே எடுத்தாகிவிட்டது. உங்களுக்குத் தெரியாததா!

ஒரு காலத்தில் வருசநாட்டு மலையில் கஞ்சா விளைந்தது, ஒத்துக்கொள்கிறேன். இன்றைக்கு ஆந்திரா, ஒடிசா எல்லையிலிருந்து வருகிறது என்று போலீசே சொல்கிறது. எங்கள் பக்கம் விளைய என்ன இருக்கிறது? 58 கிராமக் கால்வாய்க்குத் தண்ணீர் விட வைகை அணை 67 அடியைத் தாண்ட வேண்டும். தாண்டினாலும் ரோட்டில் உட்கார்ந்தால்தான் மதகு திறக்கும். அந்த மறியலுக்கு உங்கள் பத்திரிகை தந்த இடம் நான்கு வரி.

இருபத்திரண்டு வருடமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். போன மாதம் ராத்திரி ஒன்பதரைக்கு ஒரு பையன் வந்து, செல்போனில் ஒரு அட்டையின் படத்தைக் காட்டினான். வலி மாத்திரை, போதைக்குப் போடுகிறார்களே அது. டாக்டர் சீட்டு எங்கே என்றேன். "அப்பத்தாவுக்கு முட்டி வலிண்ணே" என்றான். அவன் அப்பத்தா செத்து மூன்று வருடம் ஆகிறது. கேதத்துக்கு நானும் போயிருந்தேன். இல்லை என்றதும் ஷோகேஸ் கண்ணாடியில் ஓங்கி ஒரு குத்து. அந்த விரிசலில் இன்னும் செலோடேப்தான். மறுநாள் அவன் அம்மா ஐந்து நூறு ரூபாய்த் தாளை மடித்துக்கொண்டு வந்தார். வாங்கவில்லை. இவனை எங்கேதான் கூட்டிப்போறது என்று கேட்டார். மதுரைக்கு, பெரியாஸ்பத்திரிக்கு என்றேன். ஒரு நாள் கூலி போய்விடுமே என்று நின்றார். இதையெல்லாம் எந்த நிருபரும் வந்து கேட்டதில்லை.

வருத்தம் தெரிவிக்கச் சொல்லவில்லை. அது உங்களுக்குப் பழக்கமில்லை. சரி, ஒன்று செய்யுங்கள். போதையிலிருந்து மீள இலவச உதவி எண் 14446. தினமும் மாவட்டப் பக்கத்தில் சின்னதாகக் கட்டம் கட்டிப் போடுங்கள். ராசிபலனுக்குக் கீழே இடம் காலியாகத்தான் கிடக்கிறது.

இப்படிக்கு,
ஒரு மருந்துக்கடைக்காரர்,
உசிலம்பட்டி.